உங்களுக்குத் தெரியுமா? ரோமாபுரி வாளும் தாம்பரம் ரயிலும்

ரோமானியப் படைவீரனின் இடுப்பில் தொங்கிய வாள் துருப்பிடித்து மண்ணாகிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் வாளுக்கு அவன் வைத்திருந்த லத்தீன் பெயர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பூக்கடை, மீன் கடை, சீட்டுக்கட்டு, மருத்துவமனை, பரங்கிமலை அணிவகுப்பு மைதானம் என்று நம் தென்சென்னைப் புறநகரிலும் அவற்றைப் பார்க்கலாம். அந்த ரோமாபுரிக்கு இரும்பு விற்ற நாடுகளில் நம் நாடும் ஒன்று. வாருங்கள், ஒரு சுற்று வருவோம்.

◆ குத்துவதற்கு ஒரு வாள்

லத்தீனில் வாளின் பொதுப்பெயர் 'கிளாடியஸ்'. ஆங்கிலத்தில் இதற்கு 'சோர்டு' என்று ஒரே சொல்லில் பொருள் சொல்லிவிடுவார்கள். ரோமானியர் அறிந்த கிளாடியஸ் சுமார் இரண்டடி நீளம், இருபுறமும் கூர், நெருங்கி நின்று குத்துவதற்கென்றே வடித்த குட்டை வாள். ஸ்பெயின் நாட்டவரிடமிருந்து இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டதால் 'ஸ்பெயின் வாள்' என்றும் அழைத்தார்கள். இந்த வாளோடு அரங்கில் இறங்கியவன்தான் 'கிளாடியேட்டர்'.

◆ கல்யாண மேடையில் குட்டி வாள்

வரவேற்பு மேடைகளில் நீண்ட தண்டில் வரிசையாகப் பூத்து நிற்கும் கிளாடியோலஸ் பூவைப் பார்த்திருப்பீர்கள். பெயருக்குப் பொருள் 'சின்ன வாள்'. பூவைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. நெட்டுக்குத்தாக, கூர்நுனியோடு நிற்கும் அதன் இலையைப் பார்த்து வைத்தது.

◆ கடம்பாவுக்குள் ஒரு கிளாடியஸ்

கோவளத்துக் கரையில் வாங்கிய கடம்பாவைச் சுத்தம் செய்யும்போது, உடலுக்குள்ளிருந்து கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மெல்லிய தகடு ஒன்றை உருவி எறிவார்கள். அது கடம்பாவின் உள்ளோடு. கடல் உயிரியலார் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'கிளாடியஸ்'. ஆழ்கடல் வாள்மீனுக்கோ இரட்டை வாள்: அதன் அறிவியல் பெயர் 'சிஃபியஸ் கிளாடியஸ்'. முன்பாதி கிரேக்க வாள், பின்பாதி லத்தீன் வாள்.

◆ தம்பட்டங்காயின் பெயரில் பாதி நம்முடையது

அகலமாக, ஒரு முழத்தை எட்டப் பார்க்கும் தம்பட்டங்காய்க்குத் தமிழில் இன்னொரு பெயர் வாளவரை. அதன் தாவரவியல் பெயர் 'கனவாலியா கிளாடியாட்டா'. கிளாடியாட்டா என்றால் 'வாள் வடிவானது'. காயைப் பார்த்த தமிழனுக்கும் ஐரோப்பியத் தாவரவியலாருக்கும் ஒரே உருவம்தான் தோன்றியிருக்கிறது. பெயரின் முன்பாதியான 'கனவாலியா' மலையாளத்திலிருந்து லத்தீனுக்குப் போனது.

◆ நெஞ்சுக்குள் ஒரு வாள்

தாம்பரம் சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. காசநோயாளிகளின் நெஞ்சை எத்தனையோ தலைமுறையாகச் சோதித்துவரும் இடம் அது. அந்த நெஞ்சின் நடுவே இருக்கும் மார்பெலும்பு, உடற்கூற்றியலாரின் கண்ணில் முழுமையான ஒரு வாள். மேல் பகுதிக்குப் பெயர் 'மனுப்ரியம்', அதாவது கைப்பிடி. நடுப்பகுதிக்குப் பழைய பெயர் 'கிளாடியோலஸ்', சின்ன வாள். அடியில் இருக்கும் கூரிய நுனிக்குப் பழைய லத்தீன் பெயர் 'என்சிஃபார்ம்', வாள் வடிவம்.

◆ குதிரைக்காரனின் நீள வாள்

குதிரை மேலிருந்து வீசக் குட்டை வாள் எட்டாது. அதற்காக ரோமாபுரிக் குதிரைப்படை வைத்திருந்த நீள வாளின் பெயர் 'ஸ்பாத்தா'. பிற்காலத்தில் காலாட்படையும் கிளாடியஸைக் கைவிட்டு ஸ்பாத்தாவுக்கு மாறியது. கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த இச்சொல்லுக்கு முதற்பொருள் 'அகன்ற அலகு'. ஸ்பானியத்தில் 'எஸ்பாடா', இத்தாலியத்தில் 'ஸ்பாடா', பிரெஞ்சில் 'எப்பே' என எல்லாம் இதன் பிள்ளைகள்.

◆ இஸ்பேடு ஆடியிருக்கிறீர்களா?

புறநகர் ரயிலில் துண்டை விரித்துச் சீட்டாடும் கூட்டத்தில் 'இஸ்பேடு' என்ற குரல் அடிக்கடி கேட்கும். ஆங்கிலத்தில் 'ஸ்பேடு'. மண்வெட்டிக்கும் இதே ஆங்கிலச் சொல் இருப்பதால் பலர் அதையே நினைத்துக்கொள்கிறார்கள். சீட்டின் பெயர் வந்த வழி வேறு. பழைய இத்தாலியச் சீட்டுக்கட்டில் நான்கு இனங்கள்: வாள், கோப்பை, காசு, தடி. வாள் இனத்தின் பெயர் 'ஸ்பாடே'. இன்று சீட்டில் இருக்கும் கறுப்புக் குறி பிரெஞ்சுக்காரர்களுடையது. பெயர் மட்டும் வாளிலிருந்து வந்தது.

◆ தோசைத் திருப்பியும் அந்த வம்சம்தான்

ஸ்பாத்தாவின் குட்டி வடிவம் 'ஸ்பாத்துலா'. தொண்டையைப் பார்க்க டாக்டர் நாக்கை அழுத்தும் பட்டை, கேக்கில் கிரீம் தடவும் பட்டை, தோசைத் திருப்பி எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'ஸ்பேட்டுலா' என்ற ஒரே பெயர். குதிரைப்படையிலிருந்து அடுப்படி வரை வந்த சொல் இது.

◆ தென்னம்பாளையிலும் வாள்

தென்னம்பூவை மூடியிருந்து, பின்பு வெடித்துத் திறக்கும் உறையைப் பாளை என்கிறோம். தாவரவியலில் அதன் பெயர் 'ஸ்பேத்'. ஸ்பாத்தாவேதான்; அகன்று நீண்ட அலகு என்ற பழைய பொருள் இதில் அப்படியே நிற்கிறது.

◆ அதிகாரியின் தோளில் நட்சத்திரம்

பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி 1963இல் தொடங்கியது. 1962 சீனப் போருக்குப் பின் அதிகாரிகள் அதிகம் தேவைப்பட்ட காலம் அது. பயிற்சி முடிந்து வெளிவரும் இளைஞர்களின் தோள்பட்டையில் பெற்றோர் நட்சத்திரங்களைத் திறந்துவைக்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தோள்பட்டிக்கு ஆங்கிலத்தில் 'எப்பாலெட்'. தோளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் 'எப்போல்'. அதன் மூலம் லத்தீன் 'ஸ்பாத்துலா'. தோள் எலும்பு அகன்ற பட்டையாக இருப்பதால் வந்த பெயர். ஆக, ராணுவ அதிகாரியின் தோளிலும் பழைய ஸ்பாத்தா இருக்கிறது.

◆ கௌரவ வாள் வென்ற சென்னைப் பெண்

அதே கல்லூரியில் முதலிடம் பெறுபவருக்குக் 'கௌரவ வாள்' வழங்குவது வழக்கம். 1992 முதல் இங்கே பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். 2010இல் கௌரவ வாளை வென்ற முதல் பெண் என்ற பெருமை சென்னையைச் சேர்ந்த திவ்யா அஜித் குமாருக்குக் கிடைத்தது. 2015 குடியரசு தின அணிவகுப்பில் ராணுவத்தின் பெண்கள் அணியை வழிநடத்திச் சென்றவரும் இவரே.

◆ வாள்வீச்சில் லத்தீன் எது?

ஒலிம்பிக் வாள்வீச்சில் மூன்று வாள்கள்: ஃபாயில், எப்பே, சேபர். இவற்றில் எப்பேதான் ஸ்பாத்தாவின் நேரடி வாரிசு. சேபர் என்ற பெயர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் நம் சென்னை பவானி தேவி. டோக்கியோவில் 2021இல் நடந்த போட்டியில் சேபர் ஏந்தி, முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்றார்.

◆ கவிஞரின் வாள்

படைமுகாமில் கிளாடியஸ் என்றால், கவிதையில் 'என்சிஸ்'. லத்தீன் காவியங்களில் வீரர்கள் உருவுவது பெரும்பாலும் இதைத்தான். இரண்டுக்கும் பொருளில் வேறுபாடே இல்லை என்று முதலாம் நூற்றாண்டு ஆசிரியர் குவின்டிலியன் எழுதிவைத்திருக்கிறார். என்சிஸுக்கு நமக்குத் தெரிந்த உறவுக்காரர் ஒருவர் உண்டு: வடமொழி 'அசி'. இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிரிந்தவை. தமிழ் அகராதிகளிலும் அசி என்றால் வாள். கருட புராணம் சொல்லும் அசிபத்திர வனம், இலையெல்லாம் வாளாக இருக்கும் நரகம்.

◆ காசில் ஏறிய குறுவாள்

ரோமானியரின் குறுவாள் 'பூகியோ', ஆங்கிலத்தில் 'டாகர்'. கி.மு. 44 மார்ச் 15 அன்று ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்டார். அதன்பின், கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் வெளியிட்ட வெள்ளிக் காசு ஒன்றில் இரண்டு குறுவாள்கள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே கொலை நடந்த நாள். ஒரு கொலையைப் பெருமையோடு அறிவித்த காசு என்பதால் நாணயச் சேகரிப்பாளர்களிடம் அதற்குப் பெரும் மதிப்பு.

◆ கூலிக்குக் கொல்பவன்

வளைந்த சிறு வாளுக்கு 'சீக்கா' என்று பெயர். ஆடைக்குள் ஒளித்துக்கொள்ள வசதியானது. சீக்கா வைத்திருப்பவன் 'சிக்காரியஸ்', கொலைகாரன். கொலைகாரர்களையும் நஞ்சு வைப்பவர்களையும் தண்டிக்க கி.மு. 81இல் ரோமானிய ஆட்சியாளர் சுல்லா கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே இச்சொல் இருக்கிறது. இன்றும் ஸ்பானிய மொழியில் கூலிக்கொலைகாரனுக்கு 'சிக்காரியோ' என்றுதான் பெயர்.

◆ வெனிலா ஐஸ்கிரீமில் வாளுறை

லத்தீனில் வாளுறைக்கு 'வாகீனா'. உடற்கூற்றியலார் பின்னாளில் இச்சொல்லைப் பெண்ணுறுப்பின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஸ்பானியத்தில் இது 'வைனா' ஆனது. மெக்சிகோவில் நீளமான காய்களோடு ஒரு கொடியைப் பார்த்த ஸ்பானியர், 'சின்ன உறை' என்று பொருள்பட அதற்கு 'வைனில்யா' என்று பெயரிட்டார்கள். அதுதான் வெனிலா.

◆ முனையும் வாயும்

வாளின் நுனி லத்தீனில் 'மூக்ரோ'. கவிஞர்கள் முழு வாளையும் இப்பெயரால் சொல்வதுண்டு. கூர்விளிம்பு 'ஆக்கியேஸ்', அதே சொல் போர்க்களத்தில் அணிவகுத்து நிற்கும் படை வரிசையையும் குறிக்கும். தமிழில் கூர்விளிம்புக்கு 'வாய்' என்ற பெயர் உண்டு. அரிவாளைச் சாணை பிடிக்கக் கொடுக்கும்போது 'வாய் மழுங்கிவிட்டது' என்று சொல்கிறோம் அல்லவா? அந்த வாய்தான்.

◆ தலைக்கு மேல் தொங்கிய கத்தி

'தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது' என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். இதை ஒத்த பழங்கதை ஒன்றை ரோமானியப் பேச்சாளர் சிசரோ லத்தீனில் எழுதியிருக்கிறார். சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகர் மன்னன், தன்னைப் புகழ்ந்துகொண்டே இருந்த டாமோக்ளீஸை விருந்தில் அமரவைத்தான். தலைக்கு நேர் மேலே, குதிரை மயிர் ஒன்றில் கட்டி ஒரு கிளாடியஸைத் தொங்கவிட்டான். அரச வாழ்வின் அச்சம் டாமோக்ளீஸுக்குப் புரிந்துவிட்டது.

◆ நீதிதேவதை கீழே வைத்த வாள்

ரோமாபுரி ஆளுநருக்கு மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் இருந்தது. அதன் பெயர் 'யூஸ் கிளாடியி', வாளின் உரிமை. நீதிதேவதையின் கையில் வாள் இருப்பதும் தண்டிக்கும் அதிகாரத்தின் அடையாளம்தான். நம் உச்ச நீதிமன்றத்தில் வைத்த புதிய நீதிதேவதைச் சிலையின் கையில் வாள் இல்லை; அரசியலமைப்புச் சட்டம் இருக்கிறது. கண்கட்டும் இல்லை.

◆ தாம்பரத்தில் ஒரு போர்க்கள வாசகம்

1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் குறிக்கோள் வாசகம் லத்தீனில் இருக்கிறது: 'இன் ஹோக் சிக்னோ'. 'இந்த அடையாளத்தில்' என்று பொருள். கி.பி. 312இல் ரோம் நகருக்கு அருகே மில்வியன் பாலத்துப் போருக்கு முன் பேரரசர் கான்ஸ்டன்டைன் வானத்தில் சிலுவையைக் கண்டார் என்று மரபு சொல்கிறது. அந்தக் கதையோடு சேர்ந்து வந்த வாசகம் இது. பேரரசருக்குச் சொன்னது இன்று மாணவர்களின் சட்டைச் சின்னத்தில்.

◆ பட்டயம் என்றாலும் வாள்

பாலிடெக்னிக்கில் படித்துப் பெறுவது பட்டயம். அரசர் கொடுத்த செப்பேடும் பட்டயம். பழைய தமிழ் விவிலியத்தைத் திறந்தால் வாள் என்று வரவேண்டிய இடங்களில் பட்டயம் என்றிருக்கும். ஞாயிறு ஆராதனைக்குப் போகும் நம் ஊர்ப் பெரியவர்கள் இச்சொல்லைச் சரளமாகச் சொல்வார்கள்.

◆ வாள் என்றால் ஒளி

சங்கப் பாடல்களில் 'வாள்நுதல்' என்றால் ஒளி வீசும் நெற்றி. வாள் என்ற சொல்லுக்கு ஆயுதம், ஒளி என்ற இரண்டு பொருளும் பழந்தமிழில் உண்டு. தச்சரின் பட்டறையில் அதே சொல் மரம் அறுக்கும் கருவி: கைவாள். குறுவாள், உடைவாள், சுருள்வாள், சுரிகை, கட்டாரி என்று நம் மொழியின் வாள் வரிசை லத்தீனுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

◆ இரும்பே ஆயுதம், எஃகே ஆயுதம்

லத்தீனில் 'ஃபெர்ரும்' என்றால் இரும்பு. வாளுக்கும் அதே பெயர். தமிழில் 'எஃகு' என்பது உலோகத்தையும் அதில் வடித்த வேல் போன்ற ஆயுதத்தையும் குறிக்கும். பகைவரின் செருக்கை அறுக்கும் எஃகாக வள்ளுவர் சொல்வது பொருளை, அதாவது செல்வத்தை.

◆ ரோமாபுரிச் சுங்கப் பட்டியலில் இந்திய இரும்பு

கிழக்கிலிருந்து வரும் எந்தெந்தச் சரக்குக்குச் சுங்கம் வாங்கவேண்டும் என்ற பழைய பட்டியல் ஒன்று ரோமானியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. திப்பிலி, வெள்ளை மிளகு ஆகியவற்றோடு அதில் வரும் இன்னொரு சரக்கு 'ஃபெர்ரும் இந்திகும்', இந்திய இரும்பு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, 'சேரெஸ்' என்ற மக்கள் அனுப்பிய இரும்பே தலைசிறந்தது என்றார். அவர்கள் சீனர் என்பது பலரின் கருத்து. சேரர்தான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை.

◆ அலெக்சாந்தருக்கு வந்த வெள்ளை இரும்பு

போரஸ் மன்னன் அலெக்சாந்தருக்கு எஃகு வாள் பரிசளித்தான் என்று அடிக்கடி படிக்கிறோம். லத்தீன் வரலாற்றாசிரியர் கர்டியஸ் எழுதியது வேறு. பஞ்சாபின் மல்லி, சுத்ரகர் மக்களின் தூதர்கள் கொண்டுவந்த பரிசுகளில் நூறு டாலன்ட் எடையுள்ள 'வெள்ளை இரும்பு' இருந்தது என்பதே அவர் தரும் செய்தி. எஃகாக இருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம்.

◆ பல்லாவரத்தின் முதல் கூர்

வாளுக்கெல்லாம் மூத்தது கல்லின் கூர். 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவிதான் இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழங்கற்காலக் கருவி. இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தொடங்கியது நம் வீட்டுப் பக்கத்தில். வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

◆ நுனி கீழ்நோக்கி நட்ட வாள்கள்

பல்லாவரத்தில் சுடுமண் ஈமப்பேழை கண்ட தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரே, பின்பு ஆதிச்சநல்லூரிலும் நம் செங்கல்பட்டுப் பக்கத்துப் பெரும்பேரிலும் அகழ்ந்தார். ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இரும்பு வாள்களும் வேல்களும் கிடைத்தன. அவை நுனி கீழ்நோக்கி இருந்ததை ரே கவனித்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்தி நட்டதுபோல் இருக்கிறது என்று எழுதினார். ஆதிச்சநல்லூர், பெரும்பேர்ப் பொருள்களின் பட்டியல் 1915இல் நூலாக வந்தது.

◆ ரோமாபுரிக்கு முந்தைய எஃகு வாள்

சேலம் மாவட்டம் தெலுங்கனூரில் கிடைத்த வாள் உயர்கரிம எஃகால் ஆனது. காலம் கி.மு. 15ஆம் நூற்றாண்டுக்கும் 13ஆம் நூற்றாண்டுக்கும் இடையே. மரபுப்படி ரோம் நகரம் தோன்றியது கி.மு. 753இல்! 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்புப் பயன்பாட்டின் காலத்தை கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை கொண்டுபோகிறது. கிளாடியஸ் என்ற சொல்லைப் பள்ளியில் கற்கும் நம் பிள்ளைகள் தெலுங்கனூர் என்ற பெயரையும் கற்க வேண்டும்.

◆ நீங்களே போய்ப் பார்க்கலாம்

ஆதிச்சநல்லூர், பெரும்பேர் அகழாய்வுப் பொருள்களும் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையின் வாள்களும் கட்டாரிகளும் 1851இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப்போய், எது குறுவாள், எது கட்டாரி, எது சுரிகை என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள். அன்று அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை.